பறவைக்காய்ச்சல் தடுப்புப் பயிற்சி: கிராமக் கால்நடைப் பணியாளரின் பார்வையில் ஒரு மதிப்பீடு

பறவைக்காய்ச்சல் தடுப்பும் கட்டுப்பாடும் குறித்து, கிராமப்புறக் கால்நடைப் பணியாளர்களுக்காகக் கோவை மாவட்டத்தில் நடைபெற்ற பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். கால்நடை ஆய்வாளர்கள், கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்கள், வீடு தேடிச் சென்று செயற்கைக் கருவூட்டல் செய்யும் மைத்ரி பணியாளர்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்வான கால்நடைப் பயிற்றுநர்கள் எனப் பல தரப்பினரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தோம். இதே பாடத்திட்டத்தை ஒட்டிய பயிற்சிகள் பல இடங்களில் பல அமைப்புகளால் நடத்தப்படுவதால், நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கட்டாயம் சேருங்கள் என்பதே. ஆனால் இந்தப் பயிற்சி நோய் உறுதியான பிறகு செய்ய வேண்டியவற்றை மிக நன்றாகக் கற்றுத்தருகிறது. நோய் உறுதியாவதற்கு முந்தைய நாட்களை, அதாவது எங்களைப் போன்றவர்களின் உண்மையான வேலை நடக்கும் நாட்களை, அவசரமாகக் கடந்துவிடுகிறது. பாடத்திட்டத்தைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக்கு இந்தப் பயிற்சி ஏன் தேவை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பல்லடம், பொள்ளாச்சி வட்டாரங்களில் கறிக்கோழிப் பண்ணைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. கிழக்கே நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகள். மேற்கே வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், நடுப்புணி சோதனைச் சாவடிகளைத் தாண்டினால் கேரளம். ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களின் வாத்துகளிடையே 2014ஆம் ஆண்டு நவம்பரில் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் கிருமி கண்டறியப்பட்டதிலிருந்து, 2016, 2021, 2024 என அங்குள்ள குட்டநாட்டுப் பகுதியில் பறவைக்காய்ச்சல் திரும்பத் திரும்பத் தலைகாட்டி வருகிறது. அங்கே செய்தி வந்த மறுநாளே இங்கே சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்க எங்களில் சிலரை அனுப்பிவிடுவார்கள். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களிலும் நோய் உறுதியானது. நாலாபுறமும் நோய் வந்து போகும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெளிவான பயிற்சி என்பது சலுகை அன்று, அடிப்படைத் தேவை.

முதல் அமர்வு நோயின் வரலாறு. இந்தியாவில் கோழிகளிடையே எச்5என்1 முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் கண்டறியப்பட்டதையும், 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவியதையும் பயிற்றுநர் ஒப்பிட்டுப் பேசினார். நவாப்பூரில் நோய் வந்தது பெரிய வணிகப் பண்ணைகளில். வேலியும் கணக்கும் இருந்த இடங்கள். வங்கத்திலோ அது வீட்டு முற்றங்களில் மேயும் கோழிகளின் வழியே ஊர் ஊராக நகர்ந்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. பண்ணைக் கோழியைவிடப் புறக்கடைக் கோழியே கண்காணிப்புக்குக் கடினமானது என்ற பாடத்தை இந்த ஒப்பீடு ஒன்றே சொல்லிவிட்டது. ஆனால் அதன் பின்னர் வந்த அமர்வுகளில் காட்டிய படங்களும் வரைபடங்களும் எடுத்துக்காட்டுகளும் ஏறக்குறைய முழுவதும் பண்ணைகளைப் பற்றியவையாகவே இருந்தன என்பதுதான் வருத்தம்.

அறிகுறிகள் பற்றிய பாடம் நேர்மையாக இருந்தது. கொண்டையும் தாடியும் நீலம் பாரிப்பது, முகம் வீங்குவது, கால் செதில்களின் அடியில் இரத்தக் கசிவு தெரிவது, தீவனமும் தண்ணீரும் எடுப்பது திடீரெனக் குறைவது, முட்டை உற்பத்தி சரிவது, அறிகுறி எதுவும் காட்டாமலேயே கூட்டமாகச் சாவது என்று எல்லாவற்றையும் சொன்ன பிறகு, இவற்றில் எதை வைத்தும் கண்ணால் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது என்று பயிற்றுநர் அழுத்திச் சொன்னார். எங்கள் ஊர்களில் கோழி செத்தால் முதலில் வரும் சொல் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் எனப்படும் கோழிக்கழிச்சல் நோய். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறோம். அந்த முகாமில் தடுப்பூசி போட்ட கோழிகள் சாகின்றனவா, போடாதவை சாகின்றனவா என்று கேட்பதே முதற்கட்ட விசாரணையில் பெரிய துப்பு என்று ஒரு மூத்த கால்நடை ஆய்வாளர் எழுந்து சொன்னபோது வகுப்பே குறிப்பெடுத்துக்கொண்டது. தடுப்பூசி போட்டும் சாகிறது என்றால் சந்தேகம் வலுக்க வேண்டும். அவர் சொன்னது பாடநூலில் இல்லை. அடுத்த பதிப்பில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வாத்து பற்றிய பகுதி மிகவும் சுருங்கிப்போனது. வாத்து நோயுறாமலேயே கிருமியைச் சுமந்து திரியக்கூடியது என்ற ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் வாத்து வளர்ப்பு என்பது பெரும்பாலும் மேய்ச்சல்தான். அறுவடை முடிந்த நெல்வயல்களைத் தேடி, ஆரணி, சன்னியாசி, கீரி என்று அழைக்கப்படும் வாத்துகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர், மாவட்டம்விட்டு மாவட்டம் போகிறவர்கள் இருக்கிறார்கள். குளத்தோரத்தில் பட்டி போட்டுத் தங்குகிறார்கள். அதே குளத்தில்தான் அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளும் இறங்குகின்றன. அதே குளக்கரையில்தான் ஊர்க்கோழிகளும் மேய்கின்றன. காட்டுப்பறவையிலிருந்து வீட்டுக்கோழிக்குக் கிருமி கடந்துவரக்கூடிய பாலம் எங்கள் மாநிலத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இந்தக் குளக்கரையைத்தான் காட்டுவேன். வாத்துப்பட்டி போட்டவர்களை எப்படி அணுகுவது, அடுத்து எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதை எப்படிப் பதிவது, எந்த மாவட்டப் பணியாளருக்குத் தகவல் சொல்வது என்பதற்கு முழு அமர்வு ஒன்று தகும்.

மாதிரி சேகரிக்கும் செய்முறைதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. உயிருள்ள முட்டைக்கோழிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து பார்க்கும்வரை விடவில்லை. ஒருவர் கோழியைச் சிறகோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க, மற்றவர் அலகைத் திறந்து நாக்கை மெல்ல முன்னே இழுத்து, மூச்சுக்குழல் வாய் திறந்து மூடுவதைக் கவனித்து, தொண்டையில் பஞ்சுக்குச்சியைத் தடவி எடுக்க வேண்டும். எச்சத்துளையில் எடுக்கும்போது குச்சியைச் சுவரோடு ஒட்டிச் சுழற்றி, எச்சம் நன்றாகப் படியும்படி எடுக்க வேண்டும். பிறகு குச்சியைக் குழாயின் உயரத்துக்கு வெட்டி, கிருமி கெடாமல் காக்கும் திரவத்தில் மூழ்கவிட்டு மூட வேண்டும். குச்சி நீண்டிருந்தால் மூடி சரியாக அமராமல் வழியிலேயே கசிந்துவிடும். குழாயின் மேல் பேனாவால் எழுதினால் பனிக்கட்டியின் ஈரத்தில் எழுத்து கரைந்துபோகும், பென்சிலால் எழுதிய சீட்டை ஒட்டி அதன்மேல் ஒளிபுகும் நாடாவைச் சுற்றுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம்தான் இந்நோயை உறுதிப்படுத்தும் ஆய்வகம். பெட்டி அவ்வளவு தொலைவு போக வேண்டும்; மூன்றடுக்குப் பொதியும் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியும் தவறினால், எடுத்த பாடெல்லாம் வீணாகும். எண் அழிந்துபோன ஒரு குழாயால் முடிவு தாமதமானால், அந்தத் தாமதத்தில் நோய் இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போகும் என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பென்சில் பாடத்தின் அருமை விளங்கும்.

இறந்த கோழியை அங்கேயே அறுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் கண்டிப்பாகத் தடுத்தார்கள். எங்களில் பலருக்கு அது கைவந்த பழக்கம். குடலைப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும் என்ற தன்னம்பிக்கை உண்டு. பறவைக்காய்ச்சல் என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் களத்தில் அறுக்கக் கூடாது, முழு உடலையும் இரட்டைப் பையிலிட்டுக் கட்டி முறைப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கான காரணம் வெறும் விதியாக இல்லாமல், 2021 ஜூலையில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எச்5என்1 தொற்றால் இறந்த 11 வயதுச் சிறுவனையும், 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இறந்த 2 வயதுக் குழந்தையையும் நினைவூட்டிச் சொல்லப்பட்டது. மனிதருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை, தொற்றினால் ஆபத்து மிகுதி என்ற இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். பீதி கிளப்பவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

கவச உடை அணிவதும் கழற்றுவதும் அடுத்த செய்முறை. அணிந்து முடித்தவர்களின் உடை மேல் குங்குமம் கரைத்த நீரைத் தெளித்தார்கள். வெளிக் கையுறை, உடை, கண்ணாடி, கடைசியாக முகக்கவசம் என்ற வரிசையில், ஒவ்வொரு படிக்கும் இடையே கையைக் கழுவிக் கழற்றச் சொல்லிவிட்டு, பிறகு சிவப்பு எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலானோருக்கு மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் சிவப்பு இருந்தது. கழற்றும் வேளையே ஆபத்தான வேளை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. குறை ஒன்று உண்டு. உடைகள் எல்லாம் ஒரே அளவில், உயரமான ஆண்களுக்கென்று தைத்தவை. குழுப் பெண்கள் கால்பகுதியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். புடவைக்கு மேல் அணியவும் முடியாது. வெயில் காலத்தில் தகரக் கொட்டகைக்குள் இந்த உடையோடு எவ்வளவு நேரம் வேலை செய்யலாம், எப்போது வெளியே வந்து நீர் குடிக்க வேண்டும் என்பதைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊர்க் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல என்று தெரியும்.

நோய் உறுதியானபின் செய்யும் பணிகள் குறித்த அமர்வுகளில் குறை சொல்ல இடமில்லை. பாதிப்பு கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் நோய்ப்பகுதி, அங்கிருந்து 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி என்பதை ஒவ்வொருவரும் தம் ஒன்றியத்தின் வரைபடத்தில் வட்டம் வரைந்து பார்க்க வைத்தார்கள். வட்டம் வரைந்ததும், அதற்குள் எத்தனை குக்கிராமங்கள், எத்தனை கோழிக்கடைகள், எந்த வாரச்சந்தை என்பது கண்முன் வந்து நின்றது. பறவைகளை அழிக்கும் முறை, குழி வெட்டும் அளவு, சுண்ணாம்பு இடும் முறை, நிலத்தடி நீரிலிருந்து விலகியிருக்கும் இடத்தைத் தேர்வது, கொட்டகையைக் கழுவி மருந்தடிப்பது, அதன்பின் மூன்று மாதம் தொடரும் கண்காணிப்பு, அழிப்புப் பணியில் ஈடுபட்டவர்களை மருத்துவர்கள் கவனித்துத் தடுப்பு மாத்திரை கொடுப்பது என எல்லாம் வரிசையாக விளங்கின. குளிர்ந்த எச்சத்தில் கிருமி ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும், 37 டிகிரி வெப்பத்தில் சில நாட்களில் அழியும் என்ற தகவலை வைத்து, எருவை உடனே அள்ளி வயலுக்கு ஏற்றாமல் மூடி வைக்க வேண்டியதன் காரணத்தையும் சொன்னார்கள். மதிய உணவில் கோழிக்குழம்பும் முட்டையும் பரிமாறியதை நான் தனியாகப் பாராட்ட விரும்புகிறேன். 70 டிகிரி வெப்பத்தில் முழுதாக வெந்த இறைச்சியில் கிருமி பிழைக்காது என்று மேடையில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் கோழியைத் தவிர்த்திருந்தால், ஊருக்குப் போய் நாங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

இனிக் குறைக்கு வருகிறேன். கடைசி நாளில் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தார்கள். குழுப் பெண் ஒருவர் கோழி வளர்ப்பவராகவும், இளம் மைத்ரி பணியாளர் ஒருவர் விசாரிக்க வந்தவராகவும் நடிக்க வேண்டும். அந்தப் பெண் எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டுத் தம் ஊரில் கேட்பதையே கேட்டார்: “ஏனுங்க தம்பி, நாலு கோழி செத்துதுன்னு உங்ககிட்டச் சொன்னா, மிச்சம் இருக்கறதையும் கொன்னுபோடுவீங்களாமா? எங்க வளவுல இருக்கற எல்லாத்து வீட்டுக் கோழியும் என்னாலதான் போச்சுன்னு பேசுவாங்களே, அதுக்கு என்ன பண்றதுங்க?” அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. பயிற்றுநர் சிரித்துவிட்டு, இழப்பீடு உண்டு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி அடுத்த அணியை அழைத்தார். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் பயிற்சியை நிறுத்தி, மீதி நேரம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே கொடுத்திருக்க வேண்டும்.

ஏனென்றால், மேலே சொன்ன வட்டம், குழி, கவச உடை அனைத்தும் யாரோ ஒருவர் முதலில் வாய் திறந்து “கோழி சாகிறது” என்று சொன்னால்தான் தொடங்கும். சொல்பவருக்கு நட்டம், மறைப்பவருக்கு இலாபம் என்ற நிலை இருக்கும்வரை அந்தச் சொல் எங்கள் காதுக்கு வராது. நோயுற்ற கோழி வாரச்சந்தைக்குப் போகும், அல்லது இரவோடு இரவாக உறவினர் வீட்டுக்குப் போகும். இழப்பீடு என்பது அரசு அழிக்கும் பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் கணக்கிடப்படுவது. ஆகவே தாமதமாகும் ஒவ்வொரு நாளும், தானாகச் செத்து விழும் கோழிகள் அந்தக் கணக்கிலிருந்து நழுவிப் போகின்றன. சீக்கிரம் சொன்னால்தான் உங்களுக்கு நன்மை என்பதைப் பணியாளர் எண்ணிக்கையோடு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். கேரளத்தில் 2021இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்த வயதுக்கு 100 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஒரு நல்ல நாட்டுச்சேவல் எங்கள் சந்தையில் அதைவிடக் கூடுதலாகவே விலைபோகும் என்பதால், விலை வித்தியாசத்தை மறைக்காமல் பேசவும் பயிற்சி வேண்டும். கறிக்கோழிப் பண்ணைகளில் சிக்கல் வேறு. குஞ்சும் தீவனமும் நிறுவனத்தினுடையவை. பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி மட்டுமே. பறவைகளை அழித்தால் தொகை யார் பெயரில் வரும், கொட்டகை காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு அவருக்கு என்ன வழி என்று பல்லடத்துப் பணியாளர் ஒருவர் கேட்ட கேள்வியும் குறிப்பேட்டில் ஏறியதோடு சரி.

2006இல் இந்தோனேசியாவில், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பின் துணையோடு கிராமந்தோறும் பறவைக்காய்ச்சலைத் தேடும் பணியாளர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியபோது, கோழி வளர்ப்பவரோடு அமர்ந்து பேசி, ஊர் வரைபடத்தை அவர்களையே வரையச் சொல்லி, நோயின் நடமாட்டத்தை அவர்கள் வாய்மொழியிலேயே அறிவதைத்தான் பயிற்சியின் மையமாக வைத்தார்கள். நோயை ஒழிக்க அது ஒன்றே போதவில்லை என்பது உண்மைதான். ஆயினும் பண்ணைக்கணக்கில் வராத முற்றங்களில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதை வெளிக்கொண்டு வந்தது அந்த உரையாடல்தான். எங்கள் பயிற்சியில் வரைபடத்தை நாங்கள் வரைந்தோம். கோழி வளர்க்கும் பெண்கள் வரைந்திருந்தால், எந்த வீட்டுக் கோழி எந்த வீட்டு வாசலில் மேய்கிறது என்பதுவரை அதில் இருந்திருக்கும்.

பயிற்றுநர்கள் மூவரும் பொறுமையானவர்கள், களத்தில் வேலை பார்த்தவர்கள்; கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. கையேடு நல்ல தமிழில், பெரிய எழுத்தில், வண்ணப் படங்களோடு இருக்கிறது. ஆனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பக்கத்தில் தொலைபேசி எண்களுக்கான இடம் வெறும் கோடுகளாக விடப்பட்டிருக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 எல்லோருக்கும் தெரியும்; கொத்துச் சாவு பற்றிய தகவலை இரவு பத்து மணிக்கு யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவேண்டியது. கட்டணம் வாங்கவில்லை என்பது நல்லது. ஆயினும் மைத்ரி பணியாளர்களுக்குச் சம்பளம் இல்லை. ஒரு நாள் வெளியே வந்தால் அன்றைய ஊசிக்கூலி போய்விடும். அரசு ஊழியருக்குப் பயணப்படி உண்டு, அவர்களுக்கு இல்லை. அடுத்த முறை அவர்கள் வராமல் போனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாள்தோறும் அதிக வீடுகளில் கால் வைப்பவர்கள் அவர்கள்தான்.

பயிற்சியை வலசைக் காலத்தின் நடுவில் வைக்காமல், ஆகஸ்ட் மாதத்திலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வைத்தால் பறவைகள் இறங்கும் முன்பே பணியாளர் தயாராவார்கள். சான்றிதழோடு, பஞ்சுக்குச்சிகள், திரவம் நிரப்பிய குழாய்கள், இரண்டு அளவுகளில் கவச உடை, தடித்த பைகள், பென்சில், தொலைபேசி எண்கள் நிரப்பப்பட்ட ஒரு பக்கத் தாள் ஆகியவை அடங்கிய பெட்டி ஒன்றை ஒவ்வொரு கால்நடை மருந்தகத்துக்கும் கொடுத்தனுப்ப வேண்டும். பயிற்சிக் கூடத்தில் அவ்வளவு அழகாகப் பிடித்துப் பழகிய குழாய் எங்கள் மருந்தகத்தில் இன்றுவரை ஒன்றுகூட இல்லை, கேட்டு எழுதியிருக்கிறோம்.